திங்கள், புதன், வெள்ளியில் குறையும் மூச்சு

நாற்பத்தொன்றாம் எண் இன்றும் பச்சை.

காலையில் வந்ததும் கைப்பையைக்கூட நாற்காலியில் மாட்டாமல் அவள் முதலில் அதைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்லவேளை என்று நினைத்தாள். நினைத்த சூட்டோடு மனசு பொசுக்கென்று வாடிப்போயிற்று. பச்சை என்றால் அந்த ஆளுக்கு இழுப்பு வரப்போவதில்லை. இழுப்பு வராது என்றால் போன் செய்ய வேண்டியதில்லை. போன் செய்ய வேண்டியதில்லை என்றால், தன் கணவனின் குரலை இன்றைக்கும் கேட்க முடியாது.

ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வருவதை ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், எக்ஸ்ரே அறைக்கு மேலே, மூன்று அறைகளில் நடந்தது. சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஒரு கைக்கடிகாரம் கொடுத்திருந்தார்கள். அது நாடியையும் தூக்கத்தையும் கவனித்துக்கொள்ளும். அலமாரி மேல் வைக்க ஒரு சின்னப் பெட்டி. வீட்டுக் காற்றில் எவ்வளவு தூசி, எவ்வளவு ஈரம், என்ன நெடி என்று அது முகர்ந்துகொண்டே இருக்கும். இன்ஹேலரின் தலையில் ஒரு குமிழ். அமுக்கும்போதெல்லாம் கணக்கு வைக்கும். இதெல்லாம் போக, தினமும் காலையில் பல் தேய்த்ததும் மூச்சை முட்ட முட்ட இழுத்து ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊத வேண்டும். எவ்வளவு பலமாக ஊதினார்கள் என்ற எண் அவர்களுடைய போன் வழியாக இங்கே வந்து சேரும். அத்தனையையும் அன்றைய வானிலையோடும் தெருப்புகையோடும் சேர்த்துப் பிசைந்து, கம்ப்யூட்டர் ஒவ்வொருவர் எண்ணுக்கும் ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் நிம்மதி. மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. சிவப்பு என்றால் உடனே டாக்டர்.

மஞ்சளோ சிவப்போ வந்தால் அவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது அவள் வேலை. திங்கள், புதன், வெள்ளி அவள். மற்ற நாட்களில் ஸ்டேஷன் சார். முறை இல்லாத நாளில் இருவருக்கும் மேசை வேலை இருக்கும். ரயில் நிலையத்தில் ‘வண்டி தாமதமாக வரும்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே ரிட்டையரானவர் அவர். இப்போதும் யாரிடம் பேசினாலும் அடுத்த பிளாட்பாரத்துக்கும் கேட்கும்.

கூப்பிடுகிறவர் என்ன பேச வேண்டும் என்பதை அச்சடித்து மேசையில் ஒட்டியிருந்தார்கள். பேர் கேட்கக் கூடாது, எண் மட்டும்தான். சொந்த விஷயம் பேசக் கூடாது. பேச்செல்லாம் பதிவாகும். அப்படித்தான் ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாமலே அவள் கூப்பிட்டாள்.

“வணக்கம். ஆஸ்துமா ஆராய்ச்சி மையத்திலேருந்து பேசுறோம். உங்க எண் நாற்பத்தொண்ணுதானே?”

எதிர்முனையில் ஒரு கனைப்பு. பிறகு, “ஆமாங்க.”

அந்த ஒரு ‘ஆமாங்க’ போதும் அவளுக்கு. பத்து வருஷம் கேட்ட குரல். சோபா உறையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாயில் ஆணியைக் கடித்தபடியே சாப்பாட்டுக்கு ‘வந்துட்டேன்’ என்று சொல்லும் குரல். அவள் ஒட்டியிருந்த தாளையே வெறித்துப் பார்த்தாள். எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடின.

“உங்களுக்கு இப்ப... இப்ப மூச்சு வாங்குதுங்களா?”

“இப்ப வாங்குதுங்க.”

“எப்போலேருந்து?”

“நீங்க பேச ஆரம்பிச்சதுலேருந்துதாங்க மேடம்.”

பதிவாகிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாள், தூசியில் போக வேண்டாம் என்றாள், இன்ஹேலரைக் கையோடு வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் “சரிங்க மேடம்” என்றார். கடைசியில், தாளில் இருந்தபடி, “வேறு ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?” என்று கேட்டாள். “இல்லைங்க” என்று வைத்துவிட்டார்.

அன்று மாலையே நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, நான் இங்க வேலை பார்க்கிறது உங்க தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? நான்தான் சொன்னேன்” என்றாள் நாத்தனார். “டாக்டர் இப்படி ஒரு ஆராய்ச்சி நடக்குது, சேர்றியாப்பான்னு கேட்டப்போ, நான் என்ன எலியா, முயலான்னு குதிச்சான். ஏன்டா, உன் பொண்டாட்டி அங்கதான்டா வேலைக்குச் சேர்ந்திருக்கான்னேன். அவ்வளவுதான். கையெழுத்து எங்க போடணும்னு என் கைல இருந்த பேனாவைப் பிடுங்கினான். ஏம்மா, பேசணும்னா நேரா பேச வேண்டியதுதானே? நடுவுல எதுக்கு ஒரு கம்ப்யூட்டரு?”

நேராகப் பேசத் தெரிந்திருந்தால் இந்தப் பிரிவே வந்திருக்காது.

அவர் குஷன் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. பழைய சோபாக்களைப் பிரித்துப் போட்டு, உளுத்துப்போன ஸ்பாஞ்சைப் பிய்த்தெறிந்து, புதிதாகத் தைத்துக் கொடுப்பார். ஒரு சோபாவைப் பிரித்தால் அதில் உட்கார்ந்தவர்களின் இருபது வருஷத்துத் தூசி எழும்பும். அத்தனையும் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கல்யாணமான புதிதில் இருமலாக இருந்தது, பிறகு இழுப்பாயிற்று. ஒரு தடவை உதடு நீலம்பாரித்து, பேச்சு வராமல், அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்து வந்துவிட்டார். ஆனால் அவள் அந்த நாளிலிருந்து திரும்பி வரவில்லை. அவர் படுத்தால் மூச்சைக் கேட்பாள். விசில் சத்தம் வருகிறதா, விலா குழிகிறதா என்று பார்ப்பாள். எந்த வேளையும் இன்ஹேலர் எங்கே, மாத்திரை போட்டீங்களா, முகமூடி எங்கே. அவர் அவளுக்கு ‘இன்ஸ்பெக்டரம்மா’ என்று பேர் வைத்தார். முதலில் கொஞ்சலாக. பிறகு கொஞ்சல் இல்லாமல்.

“கடையை மூடிடுங்க. இல்லைன்னா வேற இடத்துக்காவது மாத்துங்க” என்றாள் ஒரு நாள். “உங்க மூச்சை எண்ணி எண்ணி எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்.”

“யாரு எண்ணச் சொன்னது? எனக்குப் பொண்டாட்டி வேணும். நர்ஸ் வேணும்னா ஆஸ்பத்திரில இருக்காங்க.”

அவள் துணிகளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து நகரத்தின் இந்தக் கோடிக்கு, ஒற்றை அறை வீட்டுக்கு. தடுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை அவர். போகிறவளை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘போகாதே’ என்ற ஒரு வார்த்தைக்கு அவரிடம் மூச்சு இருக்கத்தான் செய்தது.

எண்ணுக்குச் சொந்தக்காரர் தன் கணவர் என்று ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். உறவுக்காரர்களைக் கூப்பிடக் கூடாது என்பது விதி. சொன்னால் அந்த எண்ணை ஸ்டேஷன் சாருக்குக் கொடுத்துவிடுவார்கள். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். மஞ்சள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே மஞ்சள் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். வந்தால் பதறுவாள். கூடவே முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காரத் தோன்றும், போனில் முகமா தெரியப்போகிறது என்று தெரிந்தும். அந்தப் பக்கம் அவரும் ஒழுங்காக “ஆமாங்க மேடம், இல்லைங்க மேடம்” என்பார். இடையிடையே, “இன்னிக்கு ஒரு ஊஞ்சல் மெத்தை தைக்கிறேங்க. பூப்போட்ட துணி. எங்க வீட்டுல இருந்தவங்களுக்குப் பிடிச்ச நிறம்” என்று ஒரு வரியைச் செருகிவிடுவார். அவள் தாளில் இருக்கிற அடுத்த வரியைப் படிப்பாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரை ஓட்டிவிடுவாள்.

இப்போது இரண்டு வாரமாக அந்த எண் பச்சையிலேயே நின்றது. அவர் நன்றாக இருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவள் பட்டினி கிடப்பவளைப் போல இருந்தாள்.

அன்று மத்தியானம் கணக்கு மேடம் எல்லோரையும் பெரிய திரை முன்னால் உட்காரவைத்தாள். கம்ப்யூட்டருக்கு இழுப்பைக் கணிக்கக் கற்றுக்கொடுப்பவள் அவள்தான். வயதில் எல்லோரையும் விடச் சின்னவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். அதைத் தேடிக்கொண்டே இருப்பாள்.

“நாற்பத்தொண்ணாம் நம்பர் ஆளைக் கொஞ்சம் பாருங்க. இந்த மனுஷனால எனக்குத் தலையே வெடிக்குது.”

அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

“செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு எல்லாம் குதிரை மாதிரி ஊதுறார். திங்கள், புதன், வெள்ளி மட்டும் சவலைப்பிள்ளை மாதிரி ஊதுறார். மாசக்கணக்கா இதே கதை.”

“என்ன தொழில்?” என்று கேட்டார் பெரிய டாக்டர்.

“குஷன் கடை.”

“அப்போ அந்த மூணு நாளும் பசை போடுற வேலை வச்சிருப்பார்.”

“பசை போட்டா பெட்டி காட்டிக்குடுத்துடும் டாக்டர். காத்து எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கு. முந்தின ராத்திரி நல்லாத் தூங்கியிருக்கார். இன்ஹேலரைத் தொடவே இல்ல. காலைல ஊதுற அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் மூச்சு எங்கயோ போயிட்டு வருது.”

“அந்த மூணு நாளும் மாமியார் வீட்டுக்கு வர்றாங்களோ என்னவோ” என்றார் ஸ்டேஷன் சார். அறையே சிரித்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி. யாருக்கும் புரியாதது அவளுக்கு மட்டும் மெல்ல மெல்லப் புரிந்தது. முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்து, குனிந்து செருப்பைச் சரிசெய்வது போலப் பாவனை செய்தாள். அந்த மனுஷன் குறைத்து ஊதியிருக்கிறார். வேண்டுமென்றே. அவள் கூப்பிடுகிற நாளாகப் பார்த்து. கடைவாசலில் காலையில் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று யோசிக்கிற நாற்பது வயது ஆளை நினைத்தபோது, அவளுக்கு எழுந்து ஓடி அந்தக் கடைவாசலிலேயே போய் நிற்க வேண்டும் போலிருந்தது.

“சிரிக்கிற விஷயம் இல்ல சார்” என்றாள் கணக்கு மேடம். “முதல்ல குறைச்சு ஊதினதும் மஞ்சள் காட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் இழுப்பு வரவே இல்ல. அதனால மெஷின் என்ன கத்துக்கிச்சு? இவருக்கு மூச்சு குறைஞ்சா அதுக்கு அர்த்தமே இல்லைன்னு கத்துக்கிச்சு. ரெண்டு வாரமா இவர் இன்னும் இன்னும் குறைச்சு ஊதுறார், அது பச்சையே காட்டுது. நாளைக்கு நிஜமாவே இவருக்கு முட்டினாலும் பச்சைதான் காட்டும். பேசாம இவரை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடலாமான்னு பார்க்கிறேன்.”

அவளுக்குள் பொங்கியதெல்லாம் அப்படியே அடங்கிப்போயிற்று.

எல்லோரும் கலைந்த பிறகு, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் கணக்கு மேடத்தைப் பிடித்தாள்.

“அவர் பசையும் போடல, ஒண்ணும் போடல. அவர் என் வீட்டுக்காரர்.”

“யாரு?”

“நாற்பத்தொண்ணு.”

கணக்கு மேடம் குடித்த தண்ணீர் புரையேறியது. இருமி முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அக்கா! இத்தனை மாசம் நான் அந்த ஆள் நுரையீரலை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கேன், அவர் காதல் பண்ணிக்கிட்டிருக்கார். எனக்கும் வீட்டுல மாப்பிள்ளை பார்க்கிறாங்க. இப்படி எவனாவது ஊதுவானா?”

“சரிபண்ண முடியுமாம்மா?”

சிரிப்பு நின்றது. “முடியும். பொய்யா ஊதின நாளையெல்லாம் எடுத்துட்டு மறுபடி கத்துக்குடுக்கணும். எடுக்கணும்னா ஏன்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்லியாகணும். உங்களுக்குத் திட்டு விழும். அதோட, இனிமே அவரை நீங்க கூப்பிட முடியாது அக்கா. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்” என்றாள். “அதுக்குத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கல.”

திட்டு விழுந்தது. வேலை போகவில்லை. கணக்கு மேடம் பொய்யாக ஊதிய நாட்களை எடுத்துவிட்டு மெஷினுக்கு மறுபடி கற்றுக்கொடுத்தாள். நாற்பத்தொன்றாம் எண் ஸ்டேஷன் சார் கணக்குக்குப் போயிற்று, வாரம் முழுவதற்கும்.

மாலையில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, தன் சொந்தப் போனிலிருந்து, ஒரு வருஷத்துக்கு மேல் தொடாத எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போனில் அவள் பேரை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். மெஷின் சட்டென்று நின்றது.

“சொல்லுங்க மேடம்.”

“மேடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஏங்க இப்படிப் பண்ணீங்க?”

“எப்படி?”

“திங்கள், புதன், வெள்ளி.”

கத்தரியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஓ, கண்டுபிடிச்சுட்டாங்களா? கெட்டிக்காரங்கதான்” என்றார். “செவ்வாய்க்கிழமை ஒரு தடவை தெரியாம குறைச்சு ஊதிட்டேன். ஒரு இடிக்குரல் ஆளு கூப்பிட்டார். இருந்த மூச்சும் நின்னு போச்சு.”

“விளையாட்டா உங்களுக்கு? மெஷின் உங்களை நம்பறதை விட்டுடுச்சு. நிஜமா வந்திருந்தா என்னங்க ஆகியிருக்கும்? ஒவ்வொரு மஞ்சளுக்கும் நான் இங்க என்ன பாடுபட்டேன் தெரியுமா?”

“வேற எப்படி உன் குரலைக் கேக்கிறது?”

“போன் பண்ணியிருக்கலாமே!”

“பண்ணி? என்னன்னு சொல்றது? உடம்பு சரியில்லைன்னா ஒரு காரணம் இருக்கு. நல்லா இருக்கேன்னு சொல்லி எப்படிக் கூப்பிடுறது, நீ போன பிறகு?”

அவளிடம் கோபம் இருந்தது, அதைத்தான் எடுத்தாள். “இனிமே நான் கூப்பிட மாட்டேன். அந்த இடிக்குரல் ஆள்தான் எல்லா நாளும். ஒழுங்கா ஊதுங்க.”

“சரிங்க மேடம்” என்றார். அந்தத் தடவை அதில் கேலி இல்லை. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே வானம் செம்பழுப்பாக இருந்தது. ஊருக்கு வெளியே எங்கேயோ இருந்து காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்திருந்தது. ஜன்னல் விளிம்பிலெல்லாம் மாவு சலித்தது போலத் தூசி. திரையில் ஏகப்பட்ட மஞ்சள். அவள் மூச்சுவிட நேரமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையிலிருந்து ஸ்டேஷன் சார், “அம்மாடி, உங்க ஆளு சிவப்பும்மா” என்றார்.

எட்டிப் பார்த்தாள். காலையில் ஊதிய எண் பாதிக்குப் பாதி. கிழமை வெள்ளி.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவ்வளவு சொல்லியும் திருந்தவில்லை. வீம்புக்கு ஊதியிருக்கிறார். ஸ்டேஷன் சார் கூப்பிட்டு, அவர் ‘மேடம் இல்லையா’ என்று கேட்டு, ஆபீசே மறுபடி சிரிக்க வேண்டும், அதுதானே?

“அவசரமில்ல சார். அவர் அப்படித்தான். மத்தவங்களை முதல்ல பாருங்க. கொஞ்ச நேரத்துல அவரே ஒழுங்கா ஊதுவார்.”

ஸ்டேஷன் சார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “என் மேசைல சிவப்புன்னா சிவப்புதாம்மா. உங்க சண்டை எனக்குத் தெரியாது.”

கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அவள் அந்த எண்ணைத் திறந்து மற்றதையெல்லாம் பார்த்தாள். பெட்டி, தூசி தூசி என்று அலறியிருந்தது. இரவு முழுக்க உட்கார்ந்தும் படுத்தும் புரண்டிருக்கிறார். விடியற்காலையிலிருந்து இன்ஹேலரை அமுக்கியிருக்கிறார், அமுக்கியிருக்கிறார், அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊதியது ஒன்றுதான் பொய் சொல்லும். மற்ற மூன்றுக்கும் பொய் சொல்லத் தெரியாது.

மெஷின் அவரை நம்பிவிட்டது. அவள்தான் நம்பவில்லை.

நாத்தனாருக்குப் போன் செய்தபோது குரல் அவளுடையதாகவே இல்லை. “அண்ணி, கடைக்கு ஓடுங்க. கேள்வி கேக்காதீங்க, ஓடுங்க.”

இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனார் வெறுங்காலோடு ஓடினாள். பாதி பிரித்த சோபாவின் விளிம்பில், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோள் காதைத் தொட உட்கார்ந்திருந்தாராம். போன் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்ததாம். எட்ட முடியவில்லையாம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவரை அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார்கள். மூக்கையும் வாயையும் மூடி மருந்துப் புகை வரும் முகமூடி. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாராம். ‘கொஞ்ச நேரத்தில் அவரே ஒழுங்காக ஊதுவார்’ என்று தான் சொன்னது அவள் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

வழியில் கணக்கு மேடம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: ‘பழைய கணக்கிலேயே விட்டிருந்தால் இன்றைக்கும் பச்சைதான் காட்டியிருக்கும் அக்கா. நீங்கள் சொன்னது நல்லதாயிற்று.’ அதைப் படித்தும் ஆறுதல் வரவில்லை.

“வந்துட்டியா?” என்றாள் நாத்தனார். “பார்த்துக்கோ உன் புருஷனை. இவன் ஊத, நீ பேச, நடுவுல ஓடுறதுக்கு நான். ஒரு செருப்பு மாட்டக்கூட நேரம் குடுக்காத குடும்பம்டாப்பா இது.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீ வாங்கிவருவதாக வெளியே போனாள்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவரால் பேச முடியாது என்பது ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்தது.

“நான் நம்பலங்க” என்றாள். “சிவப்பு வந்துச்சு. பொய்யா ஊதியிருக்கீங்கன்னு நினைச்சேன். மத்தவங்களை முதல்ல பாருங்கன்னு சொல்லிட்டேன்.”

அவர் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார். “நிஜமா... ஊதினேன்.”

“தெரியும். போடுங்க அதை.”

“அவ்வளவுதான்... வந்துச்சு.”

“தெரியுதுங்க. பேசாதீங்க.”

அவர் போட்டுக்கொண்டார். கண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. போகாதே என்று அன்று மாடிப்படியில் சொல்லாத வாய் இன்று மூடிக் கிடந்தது. சொல்வதற்கான மூச்சும் இல்லை. அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போன பழைய சொரசொரப்பு. மணிக்கட்டில் அந்தக் கடிகாரம். அவருடைய நாடி ஓடுவதை அது இந்நேரம் எக்ஸ்ரே அறைக்கு மேலே இருக்கிற அறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். ஏன் என்று கணக்கு மேடம் கண்டுபிடிக்கட்டும்.

வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வா என்று அவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய சோபாவை இனிமேல் கடைக்குள் வைத்துப் பிரிப்பதில்லை, பின்பக்கத்துத் திறந்த கொட்டகையில் வேறு ஆளை வைத்துப் பிரிப்பது, தான் தைக்கிற வேலை மட்டும் பார்ப்பது என்று நாத்தனார் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இதை அவள் கேட்டு மாதக்கணக்காகச் சண்டை போட்டபோது நடக்காதது. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது போதுமா, அந்த மாடிவீட்டில் மறுபடி படுத்தால் தனக்குத் தூக்கம் வருமா என்றெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை.

“நீங்களா போன் பண்ணுங்க” என்று மட்டும் கிளம்பும்போது சொல்லியிருந்தாள். “நான் பண்ண மாட்டேன். இந்தத் தடவை நீங்கதான்.”

அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று காட்ட எந்தத் திரையும் இல்லை.

அதன் பிறகு திங்கள் பச்சை. புதன் பச்சை. வெள்ளியும் பச்சை. எல்லாம் முழு மூச்சாக ஊதிய, யோக்கியமான பச்சை. ஸ்டேஷன் சார் தினமும் காலையில், கேட்காமலே, “நம்பர் நாற்பத்தொண்ணு சரியான நேரத்தில் வந்துகொண்டிருக்கிறது” என்று அறிவிப்பார். அவள் நிம்மதியாகச் சிரிப்பாள். மாலையில் போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சமைப்பாள். குளிக்கப் போனால் கதவைச் சாத்தாமல் போவாள். மணி அடிக்கும், அக்காவாக இருக்கும், கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிறவளாக இருக்கும். இரண்டாவது வாரமும் போயிற்று. அவர் கூப்பிட மாட்டார் என்று ஒரு மனசு சொன்னது. உடம்பு நன்றாக இருக்கிறவரிடம் அவளைக் கூப்பிடக் காரணம் என்ன இருக்கிறது?

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மளிகைக் கடையில் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தாள். ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் எண்ணெய்ப் பாக்கெட். பையில் போன் அடித்தது. பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள். அவர் பேர்.

“என்னாச்சு? இழுக்குதா?”

“இல்ல.”

“இன்ஹேலர் எங்க?”

“அது பாட்டுக்கு ஜேபில இருக்கு. ஒண்ணும் ஆகல.”

“பின்ன எதுக்கு?”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம். இந்தப் போனைச் செய்ய அவர் எத்தனை நாள் எடுத்துக்கொண்டார் என்பது அந்தச் செருமலில் இருந்தது.

“நல்லா இருக்கேன். அதைச் சொல்லலாம்னுதான்.”

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

“சாயங்காலம் கடைவாசல்ல உக்காந்திருந்தேன். காத்து நல்லா இருந்துச்சு. மூச்சு சும்மா உள்ள போகுது, வெளிய வருது. உனக்குச் சொல்லணும்னு தோணிச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “வேலையா இருக்கியா? வச்சுடட்டுமா?”

“வைக்காதீங்க” என்றாள் அவசரமாக. “சொல்லுங்க. இன்னிக்கு என்ன தைச்சீங்க?”

“ஒரு நாற்காலி. மூணு கால்தான் சரியா நிக்குது. அது பெரிய கதை...”

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. கடைக்காரர் கூடைக்காகக் கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டி, பின்னால் நின்றவரை முன்னே போகச் சொல்லிவிட்டு, சோப்பு அலமாரி ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.

“ம்... சொல்லுங்க” என்றாள்.